பொன்னுக்கு வீங்கி

மகன் முனியப்பனுக்குக் காதோரம் வீங்கியதும், சுரங்கக் கூலிகளின் லைனில் இருந்த தட்டி வீடுகள் அத்தனையிலிருந்தும் தாயம்மாவுக்குக் கிடைத்த வைத்தியம் ஒன்றுதான். "பொன்னுக்கு வீங்கிடீ அது. கொயந்த கயுத்துல பொன்னு போடு, வத்திடும்."

சொல்கிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? தங்க வயல் என்று ஊருக்குப் பெயர்தான் பெரிது. ஆண்கள் எல்லாரும் விடிந்தால் சுரங்கத்துக்குள் இறங்கிப் பொன்னுக்காகக் கல்லை உடைத்தார்கள். அந்தப் பொன் உருகி, பாளமாகி, பெட்டியில் ஏறி, காவலோடு பங்காருபேட்டைக்குப் போய் அங்கிருந்து சீமைக்குப் போயிற்று. பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதன் நுனியில் ஒரு விரலி மஞ்சளும் தொங்கின. பொன் வைக்கிற இடத்தில் பூ வைக்கச் சொல்வார்கள் பெரியவர்கள். இந்த லைனில் பூவுக்கே ஆள் அனுப்ப வேண்டும்.

முந்தின நாள் களி உருண்டையை வாயில் போட்ட பிள்ளை மெல்ல முடியாமல் துப்பியபோதே தாயம்மா கவனித்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. விடிந்து பார்த்தால் வலது காதுக்குக் கீழே கன்னமும் கழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா "அய்யோ பாபம்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பெற்றவள் அடித்துக்கொள்ளவில்லை. அடுப்பில் கஞ்சியைத் துழாவிக்கொண்டே "ம்" என்றாள். கல்லுப் பொம்பளை என்று லைனில் அவளுக்குப் பெயர் வைத்திருந்தது சும்மா இல்லை.

ஆனால் பெயர் வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மூத்தவள் முனிரத்தினம் போன வருஷம் இதே வீட்டில்தான் தொண்டை அடைத்துச் செத்தாள். அதுவும் காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. அவளுக்கும் கழுத்து வீங்கியது. சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த அப்பன் சம்பங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து தாயம்மாவுக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது. வெகுநேரம் குந்தியிருந்த கால் மரத்துப்போகுமே, அப்படி. காலானால் நீட்டி உதறலாம், இதை எங்கே நீட்டி எப்படி உதறுவது? தண்ணீர் எடுத்தாள், களி கிண்டினாள், கூப்பிட்டால் திரும்பினாள். அதற்கு மேல் அவளிடம் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அவளுக்கே கிடைக்கவில்லை.

சம்பங்கி அதற்கு நேர் எதிர். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, பூமிக்கடியில் கல் ஏற்றிய டிராம் வண்டிகளைத் தள்ளுகிற வேலையில் இருந்தான். வண்டி தள்ளும்போதும் அழுவான் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். மகள் போனபிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முனியப்பன் மீதி வைத்த கஞ்சியைக் கூட வீணாக்காமல் அவன்தான் குடிப்பான். பிள்ளையின் எச்சில் வாயில் பட்டால் பிள்ளை பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். இப்போது மகனின் கன்னத்தைப் பார்த்ததும் அவன் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இதையும் உட்டுட மாட்டேன்மே. இன்னா ஆனாலும் சரி. பொன்னுதானே? மேஸ்திரி வூட்ல கேளு."

லைனில் பொன் இருந்த ஒரே கழுத்து மேஸ்திரி பெண்சாதி ஜெயம்மாவின் கழுத்து. இரட்டை வடம். அது வேலைக்கு ஆள் பிடித்த கமிஷனில் வந்தது என்பது லைனுக்குத் தெரியும், தெரிந்தாலும் அதைப் பார்த்துக் கும்பிடுவதைத் தவிர லைனுக்கு வேறு வழி இல்லை. தாயம்மா போய் வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கியமையும் அதுவுமா பொன்னை வெளியே குடுப்பாங்களாடீ?" என்றாள் ஜெயம்மா. "லச்சுமி போயிடும். நாளைக்கு வா."

மறுநாள் போனாள். "சனிக்கியமைல எந்த முண்டையாவது நகையைக் கயட்டுவாளா?" என்றாள் ஜெயம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கு அவளிடம் என்ன காரணம் இருந்தது என்று தெரிந்துகொள்ளத் தாயம்மா போகவில்லை. இல்லை என்று சொல்ல மனமில்லாதவர்களுக்குப் பஞ்சாங்கத்தைப் போல உதவி வேறு ஏது?

அன்றைக்குள் இடது கன்னமும் வீங்கிவிட்டது. பிள்ளையின் முகம் பூசணிக்காய் மாதிரி ஆகி, கண்கள் உள்ளே போயின. தண்ணீர் விழுங்கும்போதெல்லாம் முனகினான். தாயம்மா அவன் மார்பில் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மூச்சு நிற்கக் கூடாது. பயம் என்று ஒன்று வந்தால்கூடத் தேவலை போலிருந்தது. அதுகூட வரவில்லை, கை மட்டும் மார்பை விட்டு நகர மறுத்தது.

சாயங்காலம் சம்பங்கி வந்தான். தட்டிக் கதவைச் சாத்தினான். குடுமியை அவிழ்த்தான். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல் அவன் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளைக் கல், அதில் ஊடுருவி மஞ்சளாக ஏதோ மினுமினுத்தது.

"இன்னாய்யா இது?"

"பொன்னுமே. நான் தள்ற வண்டில கெடந்திச்சி. மெயுகுத்திரி வெளிச்சத்துல என்னைப் பாத்து கண்ணடிச்சிது."

தாயம்மா கதவைப் பார்த்தாள். சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறவர்களை வாச்மேன்கள் வாயைத் திறக்கச் சொல்லி, துணியை உதறச் சொல்லித்தான் விடுவார்கள். சுரங்கத்துக் கல் ஒன்று கையில் இருந்தாலே ஜெயில் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. குடுமியைச் சோதிக்க அன்றைக்கு அந்த வாச்மேனுக்குத் தோன்றவில்லை போலும்.

"திருட்டுப் பொன்னு பலிக்குமா?"

"திருடல. இரவல்." சம்பங்கி கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான். துணியில் முடிந்து மகன் கழுத்தில் கட்டினான். "புள்ளைக்கு அடங்கினதும் எடுத்த எடத்துல வெச்சிடுவேன். இரவல் பொன்னை மஞ்ச குங்குமத்தோட குடுத்தவங்க கைல திருப்பிக் குடுத்துடணும்னு எங்கம்மா சொல்லும். இல்லன்னா வீக்கம் திரும்பி வந்திடுமாம்."

பிளேக் பயம் ஊரை விட்டு இன்னும் முழுதாகப் போகாத காலம் அது. யாருக்கு எங்கே வீங்கினாலும் கம்பெனி ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து பார்ப்பார். புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டுக் கட்டுகிறவர்தான், ஆனாலும் லைனைப் பொறுத்தவரை அவர்தான் டாக்டர். ஆபிரகாம் டிரெஸ்ஸர் என்று பெயர். கையில் குடை, வாயில் ஓயாத பேச்சு. யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் சம்பங்கி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து நின்றார்.

"புள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டா."

கக்கத்தைத் தடவினார், தொடையிடுக்கைத் தடவினார். "கட்டி இல்ல. பிளேக் கிடையாது, பயப்படாத." கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கித் தொண்டைக்குள் பார்த்தார். "உள்ள வெள்ளையா தோல் கட்டல. நல்லாக் கீது. இங்க பாரு, காது மடல் மேல தூக்கிக்கினு கீது. தாடை எலும்பு தொட்டாத் தெரியல. இது பொன்னுக்கு வீங்கியேதான்."

"மூச்சு அடைக்குமா, சாமி?" தாயம்மா கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அவருக்கு முனிரத்தினத்தை நினைவிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அடைக்காதும்மா. அது வேற, இது வேற. அது தொண்டைக்குள்ள. இது எச்சி சுரக்கிற எடத்துல. தானா வந்து தானா போவும்."

பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். உப்பைச் சட்டியில் சூடு பண்ணித் துணியில் கட்டி ஒத்தடம் கொடு, கை பொறுக்கிற சூட்டில் கொடு. கஞ்சியும் பாலும் தண்ணீரும் நிறையக் குடிக்கட்டும். புளியையும் மோரையும் கண்ணில் காட்டாதே, எச்சில் ஊறினால் வலி உயிர் போகும். வீக்கம் வற்றுகிறவரை மற்றப் பிள்ளைகளோடு விடாதே, எச்சில் பட்டாலும் இருமினாலும் ஒட்டிக்கொள்ளும். வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு கத்தி, கழுத்தைக் குனிய முடியாமல் போனால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வா. இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "உன் வூட்டுக்காரனுக்குச் சின்ன வயசுல இது வந்துகீதா?" என்று கேட்டார்.

"தெரியாது, சாமி."

"பெரிய ஆம்பளைக்கு வந்தா இப்டி லேசுல உடாது. கீய வெதை வீங்கி, படுக்க வெச்சிடும். அவன எட்டவே இருக்கச் சொல்லு."

இதைச் சொல்லிக்கொண்டே கழுத்தைத் தடவியவர் கையில் முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தார். கல்லைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அதுவரை ஓயாமல் பேசிய மனிதருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா, உங்களுக்குப் புத்தி கீதா? எங்கேருந்து வந்திச்சி இது?"

தாயம்மா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டிரெஸ்ஸர் கல்லை வெளிச்சத்தில் திருப்பினார். பெருமூச்சு விட்டார்.

"இது பொன்னும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காக்காப்பொன்னு. வெறும் மினுக்கு. ஆனா காக்காப்பொன்னா இருந்தாலும் கம்பெனிக் கல்லு. நான் பாக்கல. நீ இதக் கொண்டுபோய் எதனா சாக்கடைல போட்டுடு. புள்ளைக்குப் பொன்னும் வாணாம், பித்தளையும் வாணாம்."

அவர் போனதும் தாயம்மா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளே போட்டிருக்கலாம். சாக்கடை பத்தடியில்தான் ஓடியது. ஆனால் சம்பங்கி வந்ததும் மகன் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பான். அவள் முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டு உப்பை வறுக்கப் போனாள்.

டிரெஸ்ஸர் சொன்னபடியே நடந்தது. காய்ச்சல் விட்டது. முதலில் வலது பக்கம் வற்றியது, பிறகு இடது பக்கம். ஒரு சாயங்காலம் முனியப்பன் களி கேட்டான். கேட்டு, மென்று, விழுங்கினான். சம்பங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"பாத்தியாமே! நான் கொண்டாந்த பொன்னு! ஒரு புள்ளைய உட்டேன், ஒரு புள்ளையப் புடிச்சி நிறுத்திட்டேன் பாத்தியா!"

"டிரெஸ்ஸர் அதப் பாத்துட்டாருய்யா. தூக்கி சாக்கடைல போடச் சொன்னாரு."

"பொன்னை சாக்கடைல போடறதா? நல்ல கதை. நாளைக்கே கொண்டுபோய் உள்ள வெச்சிடறேன். வெளிய வரும்போதுதான் சோதிப்பான். உள்ள போறவன எவன் சோதிக்கிறான்?"

தாயம்மா வாயைத் திறந்தாள். காக்காப்பொன். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவன் அந்தக் கல்லை வேலிக்கு அப்பால் வீசியிருப்பான், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மகள் போனபிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்திருந்தது. அதை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்லுப் பொம்பளைக்கு வந்த ஒரே இரக்கம் அது. எந்த நேரத்தில் வந்தது பாருங்கள்!

மறுநாள் சம்பங்கி கல்லுக்குப் புதிதாக மஞ்சள் பூசினான், குங்குமம் வைத்தான், வெற்றிலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். கோயிலுக்குப் போகிறவன் மாதிரி போனான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற வரிசையில் நின்றபோது அவன் மெழுகுத்திரி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். வெற்றிலை நழுவி, வாச்மேன் பூட்ஸ் முன்னால் விரிந்தது.

கூட நின்ற ஒருவன் ஓடி வந்து சொன்னபோது தாயம்மா பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "உள்ள வெக்கத்தான் கொண்டாந்தேன்னு சொல்றான்க்கா. அத்தினி பேரும் சிரிக்கிறாங்க. திருட்டுக் கல்ல எவனாவது உள்ள கொண்டாருவானான்னு கேக்கறாங்க. மஞ்ச குங்குமத்தப் பாத்துட்டு, திருட்டுக்குப் பூசை வேற பண்ணிக்கீறான் பாருன்றாங்க."

எடுத்தபோது சிக்காதவன் திருப்பி வைக்கப் போய்ச் சிக்கினான். இந்த ஊரில் நாணயத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். தாயம்மா மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி நடந்தது. வேலை போனவன் பெண்டாட்டிக்கு லைனில் வீடு கிடையாது. பார்வதம்மா தன் வீட்டு மூலையில் ஒரு பாய் அளவு இடம் கொடுத்தாள். கொடுத்த புண்ணியத்துக்கு அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் கன்னம் வீங்கியது. பார்வதம்மா பதறினாள், தாயம்மா பதறவில்லை. தொண்டைக்குள் பார்த்தாள், காது மடலைப் பார்த்தாள், உப்பை வறுத்தாள், மோர்ச்சட்டியை எடுத்து உயரத்தில் வைத்தாள். பிள்ளைகள் எழுந்து விளையாடப் போனார்கள். பொன்னா பூவா, ஒன்றும் யார் கழுத்திலும் ஏறவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து ஓடியபோது அவள் மனம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டது: சும்மா இருந்திருந்தாலே போதும். அவன் சும்மா வீட்டில் இருந்திருக்கலாம்.

சம்பங்கிக்கு ஆறு மாதம் போட்டார்கள். அந்தக் கல்லில் இருந்தது பொன்தானா என்ற பேச்சு அவன் காதில் விழுகிற மாதிரி எழவே இல்லை. சுரங்கத்துக் கல் என்பதே போதுமானதாக இருந்தது. கோலாருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். தாயம்மா முனியப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ் கொட்டடிக்கு நடந்து போனாள். போகும்போது தீர்மானம் பண்ணிக்கொண்டாள். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். கட்டினவனிடம் ஒளித்து ஒளித்து என்ன கண்டோம்?

கம்பிக்குப் பின்னால் சம்பங்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துண்டைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்திருந்தான். துண்டுக்கு இரண்டு பக்கமும் கன்னம் பிதுங்கியது. கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. எழுந்து வர முடியாமல், காலை அகட்டி வைத்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தான். டிரெஸ்ஸர் சொன்னது இதுதான் என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து மகனின் கழுத்தைத்தான் பார்த்தான்.

"அடங்கிடுச்சில்ல? திரும்பி வர்லியே?"

"வர்ல."

"களி துண்றானா?"

"துண்றான்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். பேசவே வலித்தது, விட்டு விட்டுப் பேசினான். "எடுத்த எடத்துல வெக்க முடியலயேன்னுதான்மே ஒரே கவலயா இருந்திச்சி. இரவல் பொன்னு திரும்பாததால புள்ளைக்கு மறுபடியும் வந்திடுச்சோ இன்னாவோன்னு. பாத்தா எனக்கு வந்துகீது. புள்ளைய உட்டுட்டு என்னப் புடிச்சிக்கிச்சி. அது நல்லதாப் போச்சி." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா எனக்கு யாரு பொன்னு போடுவா, மே? ஜெயில்ல பொன்னுக்கு எங்க போவேன்? அடங்காமலே போயிடுமா?"

பயந்திருந்தான். பெரிய மனிதன், பூமிக்கடியில் வெடிச்சத்தத்துக்கு நடுவில் வண்டி தள்ளுகிறவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றான்.

அவனுக்கு அவள் உண்மையைச் சொல்லலாம். பொன் வேண்டாம், எதுவும் வேண்டாம், தானாகப் போய்விடும் என்று சொன்னால் அவன் பயம் தீர்ந்துவிடும். அதே சொல்லில் அவன் மகனைக் காப்பாற்றியதும் தீர்ந்துவிடும். ஆறு மாதம் கல் உடைக்கப் போகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு உடைப்பான்? தாயம்மா பிள்ளையைக் கம்பிக்கு இன்னும் கிட்டத்தில் நிறுத்தினாள்.

"பெரியவங்களுக்குப் பொன்னு வாணாமாம்யா," என்றாள். "கொயந்தைங்களுக்குத்தான் பொன்னு போட்டாத்தான் அடங்குமாம். பெரியவங்களுக்கு லேசா வந்து தானா போயிடுமாம்."

"யாரு சொன்னது?"

"டிரெஸ்ஸர் ஐயாதான் சொன்னாரு."

சம்பங்கி அதை யோசித்தான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி மகனின் கன்னத்தைத் தடவினான்.

"அப்ப சரி," என்றான். "புள்ளைக்கு வோணும், எனக்கு வாணாம். அப்ப நான் செஞ்சது சரிதானே, மே?"

"சரிதான்யா," என்றாள் தாயம்மா.